நாலு கிண்ணம் பாயாவும் ஒரு தெளிந்த சீரமும்

எங்கள் அம்மாவிடம் ‘வெறும் வயிறு’ என்று சொல்வதும் கெட்ட வார்த்தை சொல்வதும் ஒன்றுதான். கடலூரில் எங்கள் வீட்டு வாசலை மிதித்தவர், கேஸ் சிலிண்டர் போட வந்தவரானாலும் ஓட்டுக் கேட்டு வந்தவரானாலும், எதையாவது மென்றுவிட்டுத்தான் வெளியே போக முடியும். இது தெரிந்தும், சொந்தக்காரர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு அந்த வீட்டுக்கே வரச் சொன்னேன் பாருங்கள். இந்த லட்சணத்தில் நான் முனைவர் பட்டம் வேறு படித்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு சிதம்பரத்தில், ஓர் ஆய்வகத்தில். வயிற்றில் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் பி ஃபிஃப்டி த்ரீ என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது, நோயில்லாதவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. நம் உடம்பில் ஒரு செல் தாறுமாறாகப் பெருகப் பார்த்தால் அதைத் தடுத்து நிறுத்துகிற புரதம் அது. திருத்த முடியாத செல் என்று தெரிந்தால் தீர்த்தே கட்டிவிடும். ஒழுங்காக இருக்கும்வரை கொஞ்சமாகத்தான் இருக்கும், வேலை முடிந்ததும் உடம்பே அதை அழித்துவிடும். அந்தப் புரதமே கெட்டுப்போனால் அழியாமல் தேங்க ஆரம்பிக்கும். அதை அளக்கும் சோதனைக்கு எலைசா என்று பெயர்.

எலைசாவுக்கு உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்று உண்டு, நிறையக் குட்டிக் குழிகளோடு. செல்போனில் படம் காட்டியபோது அம்மா, “இது என்னாடி, எறும்புக்குப் பணியாரம் சுடற சட்டியா?” என்றாள். ஒவ்வொரு குழியின் அடியிலும் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒன்றைத் தடவி வைத்திருப்பார்கள். அதில் சீரத்தை விட வேண்டும். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீர். பிறகு கழுவ வேண்டும், இன்னொன்றை ஊற்ற வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். கல்யாண வீட்டுப் பாத்திரம்கூட அத்தனை தடவை கழுவப்படாது. கடைசியில் புரதம் இருக்கிற குழி நீலமாகும், அமிலம் விட்டால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ புரதம் அவ்வளவு.

வீட்டில் இதை விளக்கும்போது, “அந்தப் புரதம் ஒரு காவல்காரன் மாதிரி” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதோடு ஆராய்ச்சி என் கையை விட்டுப் போயிற்று. யார் உடம்பில் காவல்காரன் அதிகம் என்று சொந்தத்துக்குள் போட்டி கிளம்பியது. முதல் ஆள் என் அக்காவின் வீட்டுக்காரர். துபாயில் இருந்து நீண்ட விடுமுறைக்கு வந்திருந்தார்.

“எனக்குத்தான் ஜாஸ்தி இருக்கும் பாரு. நான் தினம் ஜிம்முக்குப் போறவன்.”

“மச்சான், அது ஜாஸ்தி இருக்கக் கூடாது. கம்மியா இருந்தாதான் நல்லது.”

“அதெப்படி? வாட்ச்மேன் இல்லாத வூட்ல திருடன் பூந்துட மாட்டானா?”

“ஒரு தெருவுல போலீஸ் குவிஞ்சு நின்னா அது நல்ல சேதியா, கெட்ட சேதியா?”

கொஞ்சம் யோசித்தார். “மந்திரி வர்றாருன்னா நல்ல சேதி” என்றார்.

நோயாளிகளின் சீரம் ஏற்கெனவே ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருந்தது. வேண்டியது நடுவயது தாண்டிய, நோயில்லாத ஆட்கள். சிதம்பரத்தில் விடுதிப் பிள்ளைகள் ஒரு டீக்கு ரத்தம் தரத் தயாராக இருந்தார்கள், ஆனால் எல்லாம் இருபது வயது. கைவசம் ஒரே ஒரு தட்டுதான் மிச்சம், அதுவும் இரண்டு மூன்று மாதத்தில் காலாவதியாகப் போகிறது. ஆகவேதான் சொந்தக்காரர்கள்.

அந்த ஞாயிறு, எல்லாரையும் எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். விடியும் முன்பே தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐஸ் வாங்க தேவனாம்பட்டினம் போய்விட்டேன். படகுக்காரர்களிடம் கேட்டால் நல்ல ஐஸ் கிடைக்கும், மீன் வாசனை இலவசம். திரும்பி வந்தபோது வீடு நிறைய ஆள், வீடு நிறைய சாம்பிராணிப் புகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எதற்குச் சாம்பிராணி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொல்லைச் சுவரில் எங்கள் தெருப் பூனை தொப்பை தள்ளிப் படுத்திருந்தது. கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. அதையும் பார்த்தேன், அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

“யாரும் ஒண்ணும் சாப்புடலையே?”

“பல்லுல பச்சத் தண்ணி படல” என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். பள்ளிக்கூடத்தில்கூட இப்படிச் சேர்ந்து ஒப்பித்திருக்க மாட்டார்கள்.

தெருமுனை லேபில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ரத்தம் எடுக்க வந்திருந்தார். வரிசையில் கடைசி ஆளாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. நான் அவரை அழைக்கவே இல்லை.

மாமா சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டில் சூரர். அம்மா செய்யும் ஆட்டுக்கால் பாயாவுக்காகத் தன் கல்யாணத்தன்றே மாப்பிள்ளைக் கோலத்தில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டுக்கு வந்துவிட்டுப் போனவர். எலும்பை உறிஞ்சும் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

“என் ரத்தத்தையும் எடு பாப்பா.”

“உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே மாமா?”

“எனக்கென்னா? கல்லு மாதிரி இருக்கேன்.”

மாமி என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். “கல்லாவது மண்ணாவது. ரெண்டு மாசமா வயித்தப் புடிச்சிகிட்டு ஒக்காந்திருக்காங்க. டாக்டரு கொழா வுட்டுப் பாக்கணும்னு சொல்லிட்டாரு. அதுலேருந்து ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வெச்சிப் படுக்கறதில்ல. ‘பாப்பா டெஸ்டுல நல்லா வந்துட்டா கொழாவே வேணாம்’னு சொல்லிகிட்டுத்தான் இங்க வந்திருக்காங்க. உங்கம்மாகிட்டச் சொல்லிடாத, அவுங்க ஊரக் கூட்டிடுவாங்க.”

திரும்பி வந்து மாமாவிடம் தெளிவாகச் சொன்னேன்: இது ஆராய்ச்சி, இதை வைத்துத் தனி ஒருவருக்கு நோய் இருக்கிறது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, முதலில் டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி பாப்பா, குத்து” என்று கையை நீட்டினார். செவிடன் காதில் சங்கு. அவரை அனுப்பிவைக்க எனக்குத் தெம்பில்லை. தட்டில் சேர்க்கப் போவதில்லை என்று முடிவு செய்து, அவர் டியூபில் மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பெட்டியோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். நடத்துநர் மூக்கை உறிஞ்சினார்.

“மீனா? மீனுக்கு லக்கேஜ் போடணும்.”

“மீன் இல்லைங்க.”

“வாசனை வருதே.”

“ரத்தம்ங்க. எங்க சொந்தக்காரங்க ரத்தம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முக்காடு போட்ட ஒரு பெண், மடியில் ஐஸ் பெட்டி, உள்ளே சொந்தக்காரர்கள் ரத்தம். பக்கத்தில் இருந்த அம்மாள் செம்மங்குப்பத்தில் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். அதன் பிறகு சிதம்பரம்வரை யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. நடத்துநரும் லக்கேஜ் பேச்சை எடுக்கவில்லை.

ஆய்வகத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியை காத்திருந்தார். நாங்கள் மேடம் என்போம். ஞாயிற்றுக்கிழமையும் வருவார், வந்து ஞாயிற்றுக்கிழமையைத் திட்டுவார். டியூப்களை சென்ட்ரிஃபியூஜில் போட்டேன். சலவை இயந்திரம் துணியைச் சுற்றுவது போல டியூப்களைச் சுற்றும் கருவி. சுற்றி நின்றதும் சிவப்பு அடியில் தங்கி, மேலே தேன் நிறத்தில் சீரம் தெளிந்து நிற்க வேண்டும். மூடியைத் திறந்தேன். தேனைக் காணோம். வரிசையாக எல்லா டியூபிலும் பால்.

மேடம் ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்தார். “ரத்தம் எடுத்தியா, ஆவின் பூத்துக்குப் போனியா?”

கொழுப்பாகச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் சீரம் இப்படித்தான் வெளுக்கும். அதைத் தட்டில் விட்டால் சோதனை தப்பும் தவறுமாக உளறும். சாம்பிராணி எதற்கு என்பது அப்போதுதான் மண்டைக்குள் புகைந்தது. எனக்கு வந்த கோபத்தில் சென்ட்ரிஃபியூஜ் தானாகவே சுற்றியிருக்கும்.

மேடம் இன்னும் துழாவிக்கொண்டிருந்தார். “இரு இரு. இதோ ஒண்ணு இருக்கு பாரு, தங்கம் மாதிரி. உங்க கூட்டத்துலயே சொன்ன பேச்சு கேட்ட ஒரே மனுசன். இவருக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் குடு.”

பச்சை ஸ்டிக்கர்.

நான் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, உண்மையச் சொல்லு. என்னா போட்ட அவுங்களுக்கு?”

“யாருக்கு?”

“அம்மா!”

“வெறும் வயித்துல ரத்தம் எடுத்தா மயக்கம் போட்டு வுழுந்துட்டா யாரு பதில் சொல்றது? விடிகாலையிலேயே, சுபுஹு தொழுததும் வரச் சொல்லிட்டேன். இடியாப்பமும் பாயாவும். கொஞ்சம்தான்.”

“மாமாவுமா சாப்பிட்டாரு?”

“அவன்தான் ஜாஸ்தி. நாலு கிண்ணம்! வாங்கி வாங்கிக் கொல்லைப் பக்கம் போயி நின்னு சாப்பிட்டான். அங்கதான் காத்து வருதாம்.”

எனக்குப் பூனை ஞாபகம் வந்தது. சுவரில் தொப்பை தள்ளிப் படுத்திருந்த பூனை.

அம்மா போனில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். நான் அந்த டியூபைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆய்வகக் கணக்கில் அதைவிடச் சுத்தமான சீரம் கிடையாது. என் மாமா பாயாக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, தன் அக்கா மனசு நோகக் கூடாது என்று கொல்லைக்குப் போய்ப் பூனைக்கு ஊற்றியிருக்கிறார், ஒரு தடவை அல்ல, நாலு தடவை. அந்த மனிதரால் பாயா சாப்பிட முடியவில்லை என்றால் அது சின்ன விஷயம் இல்லை. நான் பயந்துபோனேன். அந்தப் பயத்தில் மற்றவர்களைத் திட்டக்கூட மறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கடலூர் திரும்பி நேராக மாமா வீட்டுக்குப் போனேன். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், ஒரு கை வயிற்றின் மேல்.

“மாமா, காலையில நீங்க ஒண்ணும் சாப்புடல.”

“யாரு சொன்னா? நாலு கிண்ணம். உங்கம்மாவக் கேளு.”

“பூனை சாப்பிட்டுச்சு.”

மாமா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “பூனை சொல்லிச்சா?”

“உங்க ரத்தம் சொல்லிச்சு. மத்தவங்க ரத்தமெல்லாம் பாலு மாதிரி வந்திருக்கு. உங்களது மட்டும் தெளிஞ்சு நிக்குது.”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பயம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். “அடேங்கப்பா” என்றார். “காலையில குடுத்தத சாயந்திரத்துக்குள்ள சொல்லிட்டானா அந்தக் காவல்காரன்? பூனை வரைக்கும் தெரிஞ்சுகிட்டானே!”

காவல்காரன் இதில் விரலைக்கூட அசைக்கவில்லை, தட்டையே நான் இன்னும் பிரிக்கவில்லை, இது வெறும் கொழுப்பு என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் மாமி கதவோரம் நின்று, ‘பேசாதே’ என்று கண்ணாலேயே அதட்டினார். மூடிக்கொண்டேன்.

மாமா டிவியை நிறுத்தினார். “நான் சாயத்தோடவே கிடந்தவன் பாப்பா. என்னா இருக்குமோன்னு தெரிஞ்சிக்கவே பயமா இருக்கு. தெரியாமப் போனா நல்லதுன்னு நெனச்சேன்.” பிறகு பெருமூச்சு விட்டார். “அவன்கிட்டயே மறைக்க முடியல. இனி எவன்கிட்ட மறைச்சு என்னா ஆவப்போவுது. கொழா வுடச் சொல்லு.”

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழாயைப் பார்த்ததும் மாமா, “இது தோட்டத்துக்குத் தண்ணி வுடறதாச்சே” என்றார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். கலிமா சொல்லிக்கொள்கிறேன் என்றார் மாமா. சரி என்று டாக்டர் காத்திருந்தார். கலிமா முடிந்ததும் தெரிந்த துஆவெல்லாம் ஆரம்பித்தார், பயணத்துக்கு ஓதுவது உட்பட. அது முடிந்து அடுத்தது தொடங்க மூச்சு வாங்கிய இடைவெளியில் டாக்டர் வேலையைத் தொடங்கிவிட்டார். வெளியே பெஞ்சில் மாமி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. உள்ளே பெரிய புண் இருந்தது. அதில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வருகிறவரை நான் யாரோடும் பேசவில்லை. பி ஃபிஃப்டி த்ரீ பற்றி உலகத்தில் இருக்கிற கட்டுரை அத்தனையும் படித்தவள், ராத்திரி படுத்தால் அதில் ஒரு வரிகூட ஆறுதலாக இல்லை. முடிவு வந்தது. வெறும் அல்சர்தான், ஒரு கிருமியால் வந்த புண். மாத்திரை போதும், காரம், கொழுப்பு கூடாது என்றார்கள். அம்மா, “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி அழுதாள். அழுது முடித்ததும், நாலு கிண்ணம் பாயாவைப் பூனைக்குப் போட்டதற்காக மாமாவை ஒரு வாரம் திட்டினாள்.

ஆராய்ச்சி அந்தரத்தில் நின்றது. தட்டு காலாவதியாகப் போகிறது. அம்மாவின் வீட்டில் யாரை வெறும் வயிற்றோடு நிறுத்த முடியும்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்திருந்தபோது ரமலான் பிறை தெரிந்தது. எங்கள் தெருவில் அந்தப் பிறைக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது நான்தான். பகலில் அம்மாவால் யாருக்கும் ஒரு பருக்கை போட முடியாத ஒரே மாதம்!

ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்று மச்சான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். பள்ளிவாசல் ஹஜரத்திடம் ஆள் போனது. சோதனைக்கு எடுக்கிற அளவு ரத்தத்தால் முறியாது, மயங்கி விழுகிற அளவுக்கு எடுக்காதீர்கள் என்று பதில் வந்தது. ஒரு நாள் பிற்பகல் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். விடியும் முன் ஸஹரில் சாப்பிட்டது எப்போதோ கரைந்திருந்தது. சாம்பிராணி இல்லை. உதடு காய்ந்து, முகம் வாடி, ஆராய்ச்சிக்கு எவ்வளவு அழகான கூட்டம்! அம்மா சமையல்கட்டு வாசலில் கை கட்டப்பட்டவள் போல நின்றாள்.

மாமாவும் வந்தார். மாத்திரை வேளைக்கு வேளை போட வேண்டும், இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புண் ஆறிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சாப்பிடலாம் என்றும் சொல்லியிருந்தார். மாமி மட்டும் அந்த இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்காமல் தயிர் சாதத்திலேயே வைத்திருந்தார். “உங்களது வேணாம் மாமா, நீங்க கணக்குல வரமாட்டீங்க” என்றேன். “காவல்காரனுக்கு சலாம் சொல்லணும்ல” என்று கையை நீட்டினார். மறுபடியும் பச்சை ஸ்டிக்கர்.

சிதம்பரத்தில் சென்ட்ரிஃபியூஜ் சுற்றி நின்றபோது சூரியன் மறைந்து மஃரிபு ஆகக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் நோன்பு திறக்க என்று மேடம் பேரீச்சம்பழமும் மெதுவடையும் வாங்கி வைத்திருந்தார். மூடியைத் திறந்தேன். எல்லாம் தேன். டியூபுக்கு டியூப் தெளிந்த தேன். நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று பால்.

“யாரது? இத்தனை பேருல ஒரு திருடன்?” என்றார் மேடம். “தூக்கிப் போடு அத.”

தூக்கிப் போடவில்லை. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பாலை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண் மங்கியது.

“எதுக்கும்மா அழுவுற? போனா போவுது, ஒரு சாம்பிள்தானே.”

“ஆமாம் மேடம், ஒரு சாம்பிள்தான்” என்றேன். சிரிப்பும் வந்து தொலைத்ததால் வார்த்தை சரியாக வெளிவரவில்லை. மேடம் ஒரு வடையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் தட்டில் சோதனையைச் செய்தேன். ஊற்றினேன், கழுவினேன், ஊற்றினேன், கழுவினேன். எங்கள் சொந்தக்காரர்களின் குழிகள் ஒப்புக்கு மஞ்சள் காட்டின. மச்சானுடையது அதிலும் வெளிறல், ஜிம் வீண். நோயாளிகளின் குழிகளில் சில நல்ல அழுத்தமாக எழுந்தன. எப்போதும் அந்த நிறம் வந்தால் சோதனை சரியாக வந்துவிட்டது என்று துள்ளுவேன். அன்று துள்ள முடியவில்லை. அந்தக் குழிகளும் யாருக்கோ மாமாதான்.

சாயங்காலம் மாமா போன் செய்தார்.

“என்னா பாப்பா, காவல்காரன் என்னா சொல்றான் என்னப் பத்தி?”

“எத்தனை கிண்ணம் மாமா?”

அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது.

“ரெண்டு” என்றார். “ஸஹருக்கு உங்கம்மா வெச்சதுல மிச்சம். மத்தியானம் எல்லாரும் கண்ணசந்த நேரத்துல...”

“ரெண்டுதானா?”

“நாலு. மாமிகிட்டச் சொல்லிடாத.”

“பூனைக்கு ஏதாவது வெச்சீங்களா?”

“ஒரு எலும்புகூட வெக்கல பாப்பா.”